எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?

எங்கள் கிளை நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிள்ளைகள் கூடுவார்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, பதினான்கு பேர். இரண்டு கோரைப் பாய்களை விரித்துவிட்டு, நடுவில் நான் ஒரு புத்தகத்தோடு உட்காருவேன். ஜூன் மாதம் அடுத்த புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். சிரிப்பு வேண்டும், சாகசம் வேண்டும், பேய் வேண்டாம் என்று தீர்ப்பானது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் துழாவினேன். சிரிப்பும் சாகசமும் சரிபாதி கலந்த நல்ல புத்தகங்கள் நான்கு அகப்பட்டன. நான்கிலும் கதையின் நாயகப் பிள்ளை அப்பா அம்மா இல்லாத பிள்ளை.

வேறு ஆண்டாக இருந்தால் இதைக் கவனித்திருக்கக்கூட மாட்டேன். இந்த ஆண்டு பாயில் உட்காருகிறவர்களில் ஒருவன், பதினோரு வயதுப் பையன், ஏப்ரலில் அப்பாவை இழந்திருந்தான். பள்ளி திறந்த பிறகுதான் திரும்ப வந்தான். எங்கள் மாடியில் மின்விசிறி ஒன்றே ஒன்று. அதற்கு நேர் கீழே இருக்கும் இடத்துக்கு வாரா வாரம் சண்டை நடக்கும், சட்டை கசங்கும். அவன் திரும்பி வந்த நாளில் சண்டை இல்லை. யாரோ வீட்டில் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் அந்த இடத்தை அவனுக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டுக் கதவோரமாகப் போய் உட்கார்ந்தான். அந்த இடம் ஒரு மணி நேரமும் வெறுமையாகவே இருந்தது.

ஆகவே என் முன்னால் இருந்த கேள்வி, நான்கில் எது சிறந்த புத்தகம் என்பதல்ல. அந்தப் பையன் உட்கார்ந்திருக்கும் அறையில், மற்ற பதின்மூன்று பேரும் வாய்விட்டுச் சிரிக்கும்படி, எதை உரக்க வாசிக்கலாம் என்பது. இதே கேள்வியோடு நிற்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் அலசிப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன்.

சிறுவர் சாகசக் கதைகளில் பெற்றோர் ஏன் இப்படி முதல் பக்கத்திலேயே காணாமல் போகிறார்கள் என்பது புரியாத விஷயம் அல்ல. அம்மா இருந்தால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரச் சொல்வாள். அப்பா இருந்தால் திருடனை அவரே பிடித்துக்கொடுப்பார். பிள்ளை தானே முடிவெடுத்து, தானே மாட்டிக்கொண்டு, தானே தப்பிக்க வேண்டுமானால் பெரியவர்கள் நகர்ந்தாக வேண்டும். நம் மொழியில் இதற்கு நேர் எதிரான பழக்கம் வேரோடியிருக்கிறது. 'தாயொடு அறுசுவைபோம் தந்தையொடு கல்விபோம்' என்று தனிப்பாடல் பாடிவிட்டது. தாய் போனால் நாக்கின் ருசி போயிற்று, தந்தை போனால் படிப்பு போயிற்று. இதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பெற்றோரை இழந்த பிள்ளையைக் கண்டதும் கை தானாகத் தலையைத் தடவப் போகிறது. 'பாவம்' என்ற சொல் வாயில் வந்துவிடுகிறது. மின்விசிறிக்குக் கீழே காலியாகக் கிடந்த இடமும் அந்தப் 'பாவம்'தான். நான் தேடியது, அந்தச் சொல்லை வாயில் வரவிடாத ஒரு புத்தகம்.

நான்கு புத்தகங்களையும் எடைபோட ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: சிரிப்பு எங்கே நிற்கிறது? இழப்பைப் பார்த்துச் சிரிக்கிறதா, இழப்புக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறதா, இழப்பைத் தாண்டிப் போய்ச் சிரிக்கிறதா?

முதலில் ரோல்ட் டால் 1961-இல் எழுதிய ஜேம்ஸின் கதை. ராட்சதப் பீச் பழம் ஒன்றுக்குள் புகுந்து, ஆள் உயரப் பூச்சிகளோடு அட்லாண்டிக் கடலைக் கடக்கும் சிறுவன். மண்புழுவைத் தூண்டில் இரையாகக் காட்டி, கீழே இறங்கும் கடற்காக்கைகளை ஒவ்வொன்றாகப் பட்டுநூலில் கட்டி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொண்டு பழத்தையே வானத்தில் தூக்கிவிடுகிறார்கள். பழம் கடைசியில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் ஊசிமுனையில் போய்ச் செருகிக்கொள்கிறது. உரக்க வாசிக்க இதைவிடச் சுலபமான புத்தகம் கிடையாது. முப்பத்தொன்பது சின்ன அத்தியாயங்கள். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எங்கே நிறுத்தினாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

இடறல் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஜேம்ஸின் அப்பாவும் அம்மாவும் லண்டனுக்குக் கடைக்குப் போன இடத்தில், மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய காண்டாமிருகம் ஒன்று அவர்களைத் தின்றுவிடுகிறது. பட்டப்பகலில், ஜனக்கூட்டத்தின் நடுவே, முப்பத்தைந்தே விநாடியில். அவர்களுக்குக் கஷ்டம் அதோடு முடிந்தது, ஜேம்ஸுக்குத்தான் ஆரம்பம் என்கிறார் கதைசொல்லி. காண்டாமிருகம் புல் தின்னும் விலங்கு என்று தெரிந்த பிள்ளை கெக்கலித்துச் சிரிக்கும். டால் மூன்று வயதில் தன் அப்பாவை இழந்தவர் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பாயில் உட்கார்ந்திருக்கும் பதினோரு வயதுப் பையனுக்கு ஆசிரியரின் வாழ்க்கை தெரியாது. முதல் நிமிடத்திலேயே பதின்மூன்று பேர் ஓர் அப்பாவின் சாவைக் கேட்டு வெடித்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே அவன் கதவோரம் உட்கார்ந்திருப்பான். அதை நான் செய்யத் தயாராக இல்லை. அடுத்த ஆண்டுக்கு என்று எடுத்து வைத்தேன்.

(டாலின் இன்னொரு அநாதை, 1982-இல் வந்த நல்ல ராட்சதன் கதையின் சோஃபி, அநாதை இல்லத்து ஜன்னலிலிருந்து தூக்கிச் செல்லப்படுகிறவள். அதில் பெற்றோரின் சாவு காட்சியாக வராததால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அதன் சிரிப்பில் பெரும்பாதி ராட்சதன் உளறிக்கொட்டும் சொற்களில் இருக்கிறது. அத்தனை சொற்களையும் தமிழில் புதிதாக உளற வேண்டும். வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போகும் என்னால் வாரா வாரம் அது முடியாது.)

இரண்டாவது, லெமனி ஸ்னிக்கெட் என்ற பெயரில் டேனியல் ஹேண்ட்லர் எழுதிய போதலேர் பிள்ளைகளின் கதை. தமிழில் சொல்வதானால் 'துரதிர்ஷ்டத் தொடர்'. 1999-இல் தொடங்கி 2006-இல் முடிந்தது, பதின்மூன்று புத்தகங்கள். வயலெட்டுக்குப் பதினான்கு வயது. எதையாவது கண்டுபிடிக்க யோசிக்கும்போது கண்ணில் விழாதபடி ரிப்பனால் தலைமுடியைக் கட்டிக்கொள்வாள். கிளௌஸுக்குப் பன்னிரண்டு வயது, படித்ததை மறக்காதவன். சன்னி கைக்குழந்தை, நான்கு பற்களால் எதையும் கடிப்பாள். கடற்கரையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது வங்கிக்காரர் ஒருவர் இருமிக்கொண்டே வந்து, வீடு எரிந்துவிட்டது, பெற்றோரும் போய்விட்டார்கள் என்று சொல்கிறார். அங்கிருந்து பிள்ளைகள், அவர்களுடைய சொத்தின்மேல் கண்வைத்த ஓலாஃப் என்ற நடிகனின் வீட்டுக்குப் போகிறார்கள். மூன்று பேருக்கு ஒரே கட்டில். அவனுடைய நாடகக் குழுவுக்குச் சமைக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும்.

இந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நான்கில் மிகவும் கெட்டிக்காரத்தனமான எழுத்து இதுதான். கதைசொல்லி முதல் வரியிலேயே, சந்தோஷமான முடிவு வேண்டுமென்றால் வேறு புத்தகத்துக்குப் போய்விடு என்று எச்சரிக்கிறார். கடினமான சொல் வந்தால் நிறுத்தி, இந்த இடத்தில் இதற்கு இன்ன பொருள் என்று விளக்குகிறார். அந்த விளக்கம் அகராதிப் பொருளாக இருக்காது, அந்தப் பிள்ளைகளின் அப்போதைய அவஸ்தையாக இருக்கும். வீட்டில் தனியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'பாதுகாவலர் என்ற சொல்லுக்கு இங்கே, பிள்ளைகளின் பணத்தைப் பாதுகாக்க ஆசைப்படுகிறவர் என்று பொருள்' என்று என் வாயிலேயே ஒன்று வந்தது. நம் கதாகாலட்சேபக்காரர்கள் கதையை நிறுத்தி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசுவார்களே, அந்த ருசி இதில் இருக்கிறது.

முதல் புத்தகத்தின் உச்சம் ஒரு கல்யாணம். சொத்தை அடைவதற்காக ஓலாஃப், நாடகம் போடுவதுபோல் மேடையில் வயலெட்டைச் சட்டப்படி மணக்கத் திட்டமிடுகிறான். சன்னியைக் கூண்டில் அடைத்துக் கோபுர ஜன்னலில் தொங்கவிட்டு மிரட்டுகிறான். கிளௌஸ் பக்கத்து வீட்டு நீதிபதியின் நூலகத்திலிருந்து எடுத்த கல்யாணச் சட்டப் புத்தகத்தை விடிய விடியப் படிக்கிறான். வலதுகைப் பழக்கமுள்ள வயலெட், மணப்பெண் தன் கையால் கையெழுத்திட வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் இடது கையால் கையெழுத்திட்டுக் கல்யாணத்தைச் செல்லாததாக்குகிறாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கட்டாயக் கல்யாணம் நம் பக்கத்தில் கதையில் மட்டும் நடப்பதல்ல. பாயில் உட்காரும் பெண்பிள்ளைகள் இந்தக் காட்சியைக் கேட்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. புத்தகம் படித்துத் தப்பிக்கும் பிள்ளைகளின் கதையை நூலகத்து மாடியில் சொல்வதைவிடப் பொருத்தம் வேறு என்ன?

ஆனாலும் தயங்கினேன். இந்தத் தொடரில் பெற்றோர் ஒருமுறை சாவதோடு முடிவதில்லை. இரண்டாவது புத்தகத்தில் அன்பான மாமா ஒருவர் கிடைத்து, பிள்ளைகள் மூச்சுவிடத் தொடங்கும்போது அவரும் கொல்லப்படுகிறார். மூன்றாவதில் இன்னொருவர். நம்பிக்கை வைக்கும் ஒவ்வொரு பெரியவரும் செத்துப்போகிறார் அல்லது பிள்ளைகள் சொல்வதைக் காதில் வாங்காமல் போகிறார். சிரிப்பு இங்கே இழப்புக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசி நிற்கிறது. தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த நெருக்கம் துணையாகலாம். வேண்டாமென்றால் புத்தகத்தை மூடிவிடலாம். பாயில் உட்கார்ந்து கேட்கிறவனால் மூட முடியாது. எழுந்து போனால் பதின்மூன்று தலைகள் திரும்பும். சத்தமாக வாசிப்பதற்கும் மௌனமாகப் படிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை, புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை.

மூன்றாவது, ஈவா இபாட்ஸன் 2001-இல் வெளியிட்ட, அமேசான் காட்டோரம் நடக்கும் நாவல். ஆசிரியர் 1925-இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகள் தலையெடுத்தபோது சிறுமியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். வேரோடு பெயர்த்து நடப்பட்ட பிள்ளையின் மனம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கதை 1910-இல் நடக்கிறது. எகிப்தில் நடந்த ரயில் விபத்தில் பெற்றோரை இழந்த மாயாவை, லண்டன் விடுதிப் பள்ளியிலிருந்து பிரேசிலில் மனாவுஸ் நகருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். துணைக்கு மிஸ் மின்டன் என்ற ஒட்டி உலர்ந்த ஆசிரியை. அவருடைய கனத்த பெட்டி முழுக்கப் புத்தகம்.

சிரிப்பு அந்த உறவினர் குடும்பத்தில் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய காட்டின் கரையில் வீடு, ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். ஆறு நிறைய மீன், மரம் நிறையப் பழம். இங்கிலாந்திலிருந்து டின்னில் வந்த பீட்ரூட்டைத் தின்கிறார்கள். வீட்டுக்காரி பூச்சிமருந்துக் குழலும் லைசால் நெடியுமாக நாள் முழுக்கப் பூச்சிகளோடு போர் நடத்துகிறாள். வீட்டுக்காரர் செத்துப்போனவர்களின் கண்ணாடிக் கண்களைச் சேர்த்து வைக்கிறார். மாயாவை அவர்கள் வரவழைத்தது அவளுக்கு வரும் பணத்துக்காக. அதே ஊரில் நாடகக் குழுவோடு வந்த இன்னொரு அநாதை, க்ளோவிஸ். சின்னப் பிரபு வேடத்தில் மேடையில் நிற்கும்போது குரல் உடைந்துவிடுகிறது. மூன்றாவது, ஆங்கிலேயத் தந்தைக்கும் அமேசான் பழங்குடித் தாய்க்கும் பிறந்த ஃபின். அவனைத் தேடி இங்கிலாந்திலிருந்து இரண்டு கருங்காக்கைகள்போல் துப்பறிவாளர்கள் வருகிறார்கள். இங்கிலாந்துக்குப் போக ஏங்கும் க்ளோவிஸும், போகவே பிடிக்காத ஃபின்னும் இடம் மாறிக்கொள்ளும் சூழ்ச்சிதான் கதையின் நடுத்தண்டு.

மொழியழகில் நான்கில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். இழப்பைப் பற்றி இது சிரிப்பதே இல்லை. மாயா அழும்போது அழவிடுகிறது; அழுது முடித்ததும் ஆற்றைப் பார்க்கவைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கதவும் திறக்கும். மனாவுஸ் நகரில் 1896-இல் பளிங்கும் பொன்முலாமுமாக ஓபரா மாளிகை எழும்பியது ரப்பர் பணத்தில்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1876-இல், ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை அமேசானிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோயிருந்தார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் பிறகு மலாயாவுக்கும் போயின. அந்த மரங்களில் பால் எடுக்க யார் கப்பலேறிப் போனார்கள் என்று நமக்குத் தெரியும். எங்கள் பாயில் உட்காரும் ஒரு பெண்ணின் கொள்ளுத்தாத்தா மலாயாவில் பால்மரம் வெட்டியவர். மாயா பார்த்த தோட்டம் சரிந்ததும், அந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா வேலைபார்த்த தோட்டம் தழைத்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

இத்தனை இருந்தும் சனிக்கிழமைக்கு இது ஒத்துவராது. நாவல் நிதானமாக நகர்கிறது. இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால் யார் யாருக்குப் பதிலாக எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்று புரியாது. எட்டு வயதுப் பிள்ளைகள் நெளிந்துவிடுவார்கள். பத்து வயதைத் தாண்டியவர், மழைநாளில், தனியாகப் படிக்க வேண்டிய புத்தகம். அந்தக் கொள்ளுப்பேத்தியின் கையில் அன்றே கொடுத்துவிட்டேன்.

மிஞ்சியது பிப்பி.

ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் இதைப் புத்தகமாக்க உட்காரவில்லை. 1941-இல் நிமோனியாவில் படுத்திருந்த அவருடைய மகள், 'நீள்காலுறை பிப்பி கதை சொல்' என்று அப்போதே வாயில் வந்த பெயரைச் சொல்லிக் கேட்டாள். பெயர் விசித்திரமாக இருந்ததால் பெண்ணும் விசித்திரமாகப் பிறந்தாள். 1944-இல் ஸ்டாக்ஹோமில் பனியில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கியபோது, படுக்கையில் கிடந்தபடி எழுதி, மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தார். பெரிய பதிப்பகம் ஒன்று திருப்பி அனுப்பியது. 1945-இல் வேறொரு பதிப்பகத்தின் போட்டியில் முதல் பரிசு வாங்கி வெளிவந்தது. லிண்ட்கிரென் வாழ்க்கையில் இன்னொன்றும் உண்டு. 1926-இல், கல்யாணம் ஆகாத இளம்பெண்ணாக, கோபன்ஹேகனில் பெற்ற தன் முதல் மகனை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வளர்ப்புத் தாயிடம் விட்டுவைக்க நேர்ந்தவர் அவர். யாருடைய பாதுகாப்பும் தேவைப்படாத ஒன்பது வயதுப் பெண்ணை அவர் கற்பனை செய்ததை, இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை.

பிப்பிக்கு அம்மா இல்லை. கப்பல் தலைவரான அப்பாவைப் புயல் கடலில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பெட்டி தங்கக் காசு, ஒரு குரங்கு, திண்ணையில் ஒரு குதிரை, இவற்றோடு பாழடைந்த தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். குதிரையை இரண்டு கையால் தூக்கி இறக்கிவிட்டுத்தான் திண்ணையில் காப்பி குடிப்பாள். நான் மேலே சொன்ன தனிப்பாடலை வைத்துக்கொண்டு இந்தப் புத்தகத்தைப் படித்தால் வரிக்கு வரி பதில் இருப்பதுபோல் தோன்றும். தாயொடு அறுசுவை போகவில்லை. பிப்பி தானே அப்பம் சுடுகிறாள். முட்டையை மேலே எறிகிறாள், ஒன்று தலையில் உடைகிறது, மஞ்சள்கரு முடிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு அடுத்ததை உடைக்கிறாள். பிஸ்கட் மாவைத் தரையிலேயே பரப்பி உருட்டுகிறாள். தந்தையொடு கல்வியும் போகவில்லை, அவள்தான் அதை அனுப்பிவைத்தாள். பள்ளிக்கு ஒருநாள் போகிறாள்; மற்றவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை இருக்கிறது, தனக்கு இல்லை என்ற அநியாயத்தைச் சரிசெய்ய. ஏழும் ஐந்தும் எத்தனை என்று ஆசிரியை கேட்டால், உங்களுக்கே தெரியாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்கிறாள். பெருக்கல் என்ற சொல்லே அவள் வாயில் சிதைந்து வரும். அதைத் தமிழில் எப்படிச் சிதைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். வாய்ப்பாடு, 'வாய்ப்பூட்டு' ஆயிற்று. ஒன்பது வருடம் வாய்ப்பூட்டு இல்லாமலே நன்றாகத்தானே இருந்தேன் என்றாள் எங்கள் பிப்பி. அன்று முதல் எங்கள் மாடியில் கணக்குக்குப் பெயர் வாய்ப்பூட்டுதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பிப்பி முழு அநாதை அல்ல. அடுத்த புத்தகத்திலேயே அப்பா திரும்பி வந்துவிடுகிறார். இறந்த அப்பா திரும்பி வரமாட்டார் என்று தெரிந்த பையன் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்தேன். அது தன்னளவில் முழுமையான புத்தகம். அப்பா தீவு ஒன்றில் கரையேறிக் கறுப்பின மக்களுக்கு ராஜாவாகியிருப்பார் என்று பிப்பி சொல்லும் இடமும் உண்டு. வெள்ளைக்காரர் எங்கே போய் ஒதுங்கினாலும் ராஜாதான் என்ற அந்தக் காலத்து நினைப்பு அது. ஸ்வீடனிலேயே 2015 பதிப்பில் அந்தச் சொல்லை மாற்றி 'தென்கடல் ராஜா' ஆக்கினார்கள். நானும் தென்கடல் ராஜா என்றே சொன்னேன். சாகசம் என்ற கணக்கில் இது நான்கிலும் மெலிந்தது என்பதும் உண்மை. உலகத்திலேயே பலசாலியான பெண்ணுக்கு ஆபத்து எங்கிருந்து வரும்? திருட வந்த இருவரில் ஒருவனைச் சீப்பை ஊதவைத்து, மற்றவனை விடிகாலை மூன்று மணிவரை தன்னோடு நடனமாடவைத்து, கையில் ஆளுக்கொரு தங்கக் காசு கொடுத்து அனுப்புகிறாள். நகத்தைக் கடிக்கவைக்கும் கதை வேண்டுமென்றால் போதலேர் பிள்ளைகளிடம் போக வேண்டும்.

தட்டின் அடுத்த பக்கத்தில் இரண்டு விஷயங்கள் கனமாக விழுந்தன. பதினோரு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் தனிக் கதை. ஒரு வாரம் தவறினாலும் நஷ்டமில்லை. எங்கள் ஊரில் முகூர்த்த மாதத்தில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

இன்னொன்று, அம்மாவைப் பற்றிய ஒரு சின்ன இடம். அம்மா வானத்தில் இருந்து ஓர் ஓட்டை வழியாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பிப்பி நம்புகிறாள். அவ்வப்போது அண்ணாந்து கையசைத்து, கவலைப்படாதே, என்னை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்கிறாள். அவ்வளவுதான். அடுத்த வரியில் கதை வேறு எங்கோ போய்விடுகிறது. ஆறுதல் சொல்லப்படுகிறவள் அம்மா. பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும் கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். பிள்ளை ஆறுதல் சொல்லும் இந்த இடம் என்னை நிறுத்திவிட்டது. இங்கே சிரிப்பு இழப்பைத் தாண்டிப் போய் நிற்கிறது, ஆனால் போகிற போக்கில் அண்ணாந்து கையசைத்துவிட்டுப் போகிறது. பிப்பியையே எடுத்தேன்.

இரண்டாவது வாரம், போலீஸ்காரர்கள் வரும் அத்தியாயம். ஊர்ப் பெரியவர்களுக்கு ஒன்பது வயதுப் பெண் தனியாக இருப்பது பொறுக்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, உனக்குக் குழந்தைகள் இல்லத்தில் இடம் பார்த்திருக்கிறோம் என்கிறார்கள். எனக்குத்தான் ஏற்கெனவே குழந்தைகள் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டதே என்கிறாள் பிப்பி. எந்த இல்லத்தில்? இதோ, இங்கே. நான் குழந்தை, இது என் இல்லம். அப்படியானால் இது குழந்தைகள் இல்லம்தானே? ஸ்வீடிஷ் மொழியில் எழுதிய வேடிக்கை தமிழில் இப்படிக் கச்சிதமாக உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாய் முழுக்கச் சிரிப்பு. கதவோரத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. கொஞ்சம் தாமதமாக, மூக்கு வழியாக. பிறகு பிப்பி கூரைமேல் ஏறி, அவர்கள் ஏறிவந்த ஏணியை எடுத்துவிட்டு, கடைசியில் இருவரையும் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைக்கும்போது, அவன் முழங்காலில் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அத்தியாயம் முடிந்ததும் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுவரில் காலைத் தூக்கிக் கையால் நடக்க முயன்றாள். 'கடைக்கோடி இந்தியாவில்' எல்லோரும் கையால்தான் நடக்கிறார்கள் என்று பிப்பி முதல் அத்தியாயத்தில் அளந்துவிட்டது அவள் மனத்தில் பதிந்துவிட்டது. இந்தியாவின் கடைக்கோடி நாம்தானே அக்கா என்று தலைகீழாகத் தொங்கியபடி கேட்டாள்.

போதலேர் புத்தகங்களை நான் மறைத்து வைக்கவில்லை. எடுத்துப்போகும் புத்தக அடுக்கில் முதல் மூன்றையும் வைத்திருந்தேன். யாரிடமும் நீட்டவில்லை, யாரையும் தடுக்கவும் இல்லை. ஆகஸ்டில் அந்தப் பையன் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு நெஞ்சில் ஒரு பதற்றம். அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றான். புத்தகத்தின் முதுகை விரலால் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். "இதில்தான் அக்கா, யாரும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை" என்றான். பிறகு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டான். அதில் அந்த நல்ல மாமா இறந்துபோவார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பின்பக்க அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தெரியும் என்று தலையாட்டினான்.

அவனைப்போன்ற பிள்ளை இருக்கும் வகுப்பில் எதை வாசிப்பது என்று யாராவது கேட்டால் இப்போது இப்படித்தான் சொல்வேன். உரக்க வாசிக்கப் பிப்பி. போதலேர் பிள்ளைகளை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள், தேர்வு அவனுடையதாக இருக்கட்டும். மாயாவைப் பத்து வயது தாண்டிய, தனியாகப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். ஜேம்ஸ் ஒரு வருடம் பொறுக்கட்டும்.

போன சனிக்கிழமை நான் மாடிப்படி ஏறும்போதே மேலே கூச்சல். மின்விசிறிக்குக் கீழே அவனும், கையால் நடக்கப் பழகும் அந்தச் சின்னப் பெண்ணும். அவள் அவன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "நான்தான் முதலில் வந்தேன், போடி" என்று அவன் பாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். பாயின் ஓரத்தில் கோரை பிரிந்துவிட்டது. நான் விலக்கிவிடவில்லை. யார் ஜெயித்தாலும் சரி என்று புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தேன்.